கூடுதலாக இரண்டு எழுத்து

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த மெயிலை ரூக்சார் மூன்று முறை படித்தாள். மொத்தமே மூன்று வரிதான். சாப்பாட்டைப் பற்றி நிறையப் புகார் வருகிறது. இந்த வாரத்திலிருந்து மதிய மெனுவை இம்ப்ரொவைஸ் செய்யவும். வெள்ளிக்கிழமை கம்பெனியின் அட்மின் மேடமே வந்து சாப்பிட்டுப் பார்ப்பார். கீழே ஹரிபிரசாத் என்று பெயர்.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கேன்டீனுக்கு ரூக்சார்தான் பொறுப்பாளர். தினமும் மதியம் இருநூற்றெண்பது பேர் சாப்பிடுகிற இடம். அதை எடுத்து நடத்தியது ஒரு கேட்டரிங் கான்ட்ராக்டர். அவர்களுடைய மேனேஜர் ஹரிபிரசாத். இதே மாதிரி இன்னும் மூன்று கேன்டீன்களையும் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டதால், நேரில் வருவதைவிட மெயிலில் வருவதுதான் அதிகம். ரூக்சார் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மகள் ஷாயிஸ்தா ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் கேட்டு, இல்லை, சொல்லிவிட்டு, சேர்ந்த வேலை.

புகார் வந்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த மெனு அட்டையை யார் எழுதினார்கள் என்றே ஒருவருக்கும் தெரியாது. திங்கள் என்றால் முட்டைக்கோஸ் பொரியல். செவ்வாய் என்றால் சௌசௌ கூட்டு. மூன்று வருடமாக அதுதான். பொரியலைப் பார்த்துத்தான் இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்துகொள்கிறோம் என்று வரிசையில் நிற்பவர்கள் கேலி பேசுவதை அவளே கேட்டிருக்கிறாள்.

அவளை யோசிக்க வைத்தது அந்த ஒரு சொல்தான். கல்யாணத்துக்கு முன்பு அவள் குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். படித்தது தமிழ் மீடியம். இங்கிலீஷ் சரளமாகப் பேச வராது. ஆனால் எழுத்து எழுத்தாகப் படிப்பாள். அந்தக் கடையில் சர்க்கரை மாத்திரைக்கும் வலிப்பு மாத்திரைக்கும் பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்தால் வாங்கிப்போனவர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். அதனால் கிட்டத்தட்ட அதுதான் என்று எந்தச் சொல்லையும் விட்டுவிட அவளுக்கு வராது.

இம்ப்ரூவ் என்ற சொல் அவளுக்குத் தெரியும். ஷாயிஸ்தாவின் மிஸ், கையெழுத்தை இம்ப்ரூவ் பண்ணவும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இது வேறு. நடுவில் ஒரு ஐ, ஓர் எஸ், இரண்டு எழுத்து கூடுதல். போனில் அகராதியைத் திறந்து அந்தச் சொல்லைப் போட்டாள்.

முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், கையில் இருப்பதை வைத்து, அந்த நேரத்தில் தோன்றுகிறபடி ஒன்றைச் செய்தல் என்று வந்தது. உதாரணம்கூடக் கொடுத்திருந்தார்கள். பந்தல் போட ஆள் வராததால் நான்கு புடவைகளைக் கட்டி நிழலுக்கு வழி செய்தார்கள்.

அவள் சமையலறையைப் பார்த்தாள். தசரதன், தலைமைச் சமையல்காரர், முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். முன்னேற்பாடே இல்லாமல் இருநூற்றெண்பது பேருக்குச் சமைக்கச் சொல்கிறாரா ஹரிபிரசாத்? போன் செய்தாள். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் தமிழிலேயே கேட்டாள்.

"சார், மெயில்ல இம்ப்ரொவைஸ்னு இருக்கு. இம்ப்ரூவ் இல்லதானே? இம்ப்ரொவைஸ்தானே?"

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "எஸ் எஸ். இம்ப்ரொவைஸ்தான். நாளைக்கே ஆரம்பிங்க." கூடவே ஒரு கட்டைவிரல்.

அன்று மாலை மேற்குத் தாம்பரத்தில் வீட்டுக்கு வந்ததும் கணவன் மொஹ்சினிடம் சொன்னாள். அவன் ஏசி மெக்கானிக். நாள் முழுவதும் அடுக்குமாடி வீடுகளில் பேசிப் பேசி, இங்கிலீஷில் அவனுக்குக் கூச்சம் போய்விட்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் ரூக்கு. இம்ப்ரூவ்ங்கிறது சாதாரணமா சொல்றது. இம்ப்ரொவைஸ்னா அதையே கொஞ்சம் டீசன்ட்டா சொல்றது."

"அப்ப ஏசியும் ஏர்கூலரும் ஒண்ணா?"

"அது எப்படி ஒண்ணாகும்?"

"ரெண்டும் ஜில்லுனு காத்துதானே குடுக்குது."

மொஹ்சின் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, கம்ப்ரஸர் என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்கினான். முடித்தபோதுதான் அவள் ஏன் கேட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"சரி, வேறதான்னு வச்சுக்க. ஆனா எல்லாரும் இம்ப்ரூவுக்குத்தான் அதைச் சொல்றாங்க. உங்க சாரும் அப்படித்தான் எழுதியிருப்பாரு."

"நான் திருப்பிக் கேட்டேனே. அதேதான்னு சொல்லிட்டாரே."

மொஹ்சின் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தான். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த வேலை. காலையில் ஷேர் ஆட்டோவில் மற்றவர்களோடு முட்டி இடித்துக்கொண்டு போவதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு அதைத் தொலைக்க முடியாது. சரியாகப் புரிந்துகொண்டு, செய்யாமல் விட்டும் தொலைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு தசரதனை வரச் சொன்னாள். திருநீர்மலை அடிவாரத்தில் வீடு அவருக்கு. மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, கையில் பையோடு வந்து நின்றார்.

"லிஸ்ட் எங்கம்மா?"

"லிஸ்ட் இல்லண்ணா. இன்னிக்கு எது நல்லா இருக்கோ அதை வாங்கறோம். என்ன சமைக்கிறதுன்னு அப்புறம் முடிவு பண்றோம்."

தசரதன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கீறத வச்சு சமாளிக்கிறதுன்னா அது என் வூட்டுக்காரி செய்யற வேலைம்மா. இங்க முந்நூறு பேரு துன்றாங்க. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"மேலேருந்து ஆர்டர்ணா."

மேலிருந்து என்றதும் அவர் பையை உதறிக்கொண்டு உள்ளே நடந்தார். அன்று மார்க்கெட்டில் நூல்கோல் நன்றாக இருந்தது. வெள்ளைப் பூசணி நன்றாக இருந்தது. புதினா கட்டுக் கட்டாகக் குவிந்து கிடந்தது. நன்றாக இருந்த எல்லாவற்றையும் வாங்கினார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. பத்து மணிக்கு எல்லாவற்றையும் மேடையில் பரப்பி வைத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் அண்டாவுக்குள் போனது. கடைசியில் வந்தது நூல்கோல் பிரியாணி. தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய்ப் பச்சடி.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்த தட்டுகளை ரூக்சாரால் பார்க்க முடியவில்லை. கருத்து நோட்டில் ஒருவர், இது பிரியாணியா பரிசோதனையா என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, முட்டைக்கோஸைத் திருப்பிக் கொடுங்கள், மன்னித்துவிட்டோம் என்றது.

தசரதன் அந்த நோட்டை அவளிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"நாம இன்னா தப்பு பண்ணிட்டோம்னா, எல்லாத்தையும் மாத்திட்டோம். சோறு, சாம்பார், ரசம் அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒரே ஒரு அயிட்டம், அத்த மட்டும் மார்க்கெட்ட பாத்துட்டு செய்யலாம். துன்ற ஆளுக்கு ஒரு புடிமானம் வோணும்ல."

ரூக்சாருக்கு அது சரியாகப் பட்டது. முன்னேற்பாடு இல்லாமல் என்று அகராதி சொன்னதே தவிர, கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்லவில்லை.

புதன்கிழமை பிஞ்சுக் கத்தரிக்காய் மலிந்து கிடந்தது. தசரதன் அதைச் சுட்டு மசித்து, புளி விட்டு, சின்ன வெங்காயம் போட்டு ஒரு கொத்சு வைத்தார். இருபது வருடத்துக்கு முன் சிதம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கற்றுக்கொண்டது, அதற்கப்புறம் செய்ய யாரும் சொன்னதில்லை என்றார். ரூக்சார் வாசலில் இருந்த வெள்ளைப் பலகையில், இன்று மார்க்கெட்டில் நன்றாக இருந்தது: கத்தரிக்காய், என்று எழுதி வைத்தாள். ஒன்றரை மணிக்கே பாத்திரம் காலி. ஐ.டி. கார்டு தொங்கிய கழுத்துகள் சமையலறை ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டன. தசரதன் இல்லை என்று சொல்வதற்காகவே இரண்டு முறை வெளியே வந்தார். அதற்கு முன் அவர் சமையலறையை விட்டு வெளியே வந்து அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை நாட்டுச் சோளம் வந்திருந்தது. இரண்டு மூட்டை வாங்கினார்கள். ஒரு மூட்டையை உதிர்த்து வடை போட்டார்கள். அன்று கருத்து நோட்டில் புகாரே இல்லை. ஒருவர் மட்டும், நாளைக்கு என்ன என்று தெரியாமல் வேலையில் கவனம் போகவில்லை என்று எழுதியிருந்தார்.

சாயங்காலம் ஹரிபிரசாத் போன் செய்தார்.

"எல்லாம் நல்லா போகுதா? நாளைக்கு சாவித்ரி மேடம் வராங்க. கான்ட்ராக்ட் ரென்யூவல் அவங்க கையிலதான் இருக்கு. கொஞ்சம் கிராண்டா பண்ணிடுங்க."

"பண்ணிடலாம் சார்."

கிராண்ட் என்றால் சிக்கன் பிரியாணி என்று தசரதன் முடிவு செய்தார். இந்த முறை உண்மையான பிரியாணி. அதில் அவருக்கும் ரூக்சாருக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, அரிசி களைவதற்காகக் குழாயைத் திறந்தபோது புஸ்ஸென்று காற்று வந்தது. அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் இல்லை. மேடவாக்கம் பக்கத்தில் பெரிய கட்டிடங்கள் எல்லாமே டேங்கர் லாரியை நம்பித்தான் இருந்தன. முதல் நாள் பெய்த மழையில் சித்தாலப்பாக்கம் அருகே குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் ரோடு உள்வாங்கிவிட்டது. அந்தப் பக்கம் பன்னிரண்டு லாரிகள் வரிசையாக நிற்கின்றன, மூன்று மணிக்கு முன் எதுவும் நகராது என்று செக்யூரிட்டி வந்து சொன்னார்.

தசரதன் அடுப்பை அணைத்தார். "போச்சு. பிரியாணிக்கு மட்டும் நூறு லிட்டர் வோணும். தட்டு கழுவ வேற இருநூறு. இன்னிக்கு லீவு உட்றும்மா. அந்த மேடத்தண்ட நெலமைய சொல்லிக்கலாம்."

ரூக்சாரும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். போனை எடுத்து ஹரிபிரசாத்தின் எண்ணைத் தேடினாள். தேடும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன கேட்டாலும் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதை அவர் ஏற்கெனவே எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

போனைப் பையில் போட்டாள்.

"அண்ணா, தண்ணியே இல்லாம என்னென்ன செய்யலாம்? யோசிங்க."

"தண்ணி இல்லாம எதுமா சமையலு?"

"என்ன இருக்குன்னு முதல்ல பாப்போம்."

குளிர்பெட்டியைத் திறந்தார்கள். கழுவத் தண்ணீர் இல்லாததால் சிக்கனை அப்படியே விட்டார்கள். நாற்பது லிட்டர் தயிர். இருபது லிட்டர் பால். பன்னிரண்டு அட்டை முட்டை. வெளியே வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம். நேற்று மிஞ்சிய ஒரு மூட்டை சோளம், உரிக்காமல். குடிதண்ணீர்க் கேன் ஏழு. அதைக் குடிப்பதற்கு மட்டும்தான் வைக்க வேண்டும் என்றாள் ரூக்சார். கை கழுவ அரைக் கேன்.

"சோளத்த சுடலாம்," என்றார் தசரதன். "பீச்சாண்ட சுடற மாரி. எலுமிச்சம்பழம், மொளகாத்தூள், உப்பு. அதுக்கு எதுக்குத் தண்ணி."

"முட்டையை ஆம்லெட் போடலாம். பிரெட் வாங்கிக்கலாம்."

"அது டிபன்மா. சாப்பாடுன்னு ஒண்ணு வயித்துக்கு வோணும்ல."

அவள் தயிரைப் பார்த்தாள். பிறகு பாலைப் பார்த்தாள். "அவல். பாலும் தயிரும் ஊத்தினாலே ஊறிடும். தாளிச்சுக் கொட்டி, மாதுளை போட்டா தயிர்சாதத்தைவிட நல்லா இருக்கும். மிச்சப் பால்ல பிரெட் அல்வா. அது எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் கிளறுவேன். சொட்டுத் தண்ணி வேண்டாம்."

தசரதன் மெதுவாக அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

பரிமாறுகிற சாலமனை ஆட்டோவில் அனுப்பி அவல், பிரெட், நெய், மாதுளை, வாழைப்பழம், முந்நூறு தையல் இலை வாங்கிவரச் சொன்னாள். கழுவவே வேண்டாத இலை. அவன் பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தான். அதற்கப்புறம் பேசுவதற்கு நேரமில்லை. வெங்காயம் நறுக்கி நறுக்கி எல்லோர் கண்ணிலும் நீர் வழிந்தது. தண்ணீர் இல்லை என்று யார் சொன்னது என்றான் சாலமன், முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே. தசரதன் சிரித்ததில் கரண்டி கீழே விழுந்தது. அதைக் கழுவத் தண்ணீர் இல்லாததால் வேறு கரண்டி எடுத்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சோளம் சுடுகிற வாசனை மாடிப்படி வழியாக மேலே ஏறிவிட்டது. வழக்கமாக ஒரு மணிக்கு வருகிறவர்கள் பன்னிரண்டே காலுக்கே இறங்கி வந்தார்கள். பலகையில் ரூக்சார் பெரிதாக எழுதியிருந்தாள். இன்று தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாத சாப்பாடு.

ஹரிபிரசாத் வந்தது பன்னிரண்டரைக்கு. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு உள்ளே நுழைந்தவர், வரிசையில் நின்ற பெரிய பெரிய இன்ஜினியர்கள் கையில் சுட்ட சோளத்தோடு நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு வேகமாக வந்து ரூக்சாரைத் தூண் ஓரமாக அழைத்துப் போனார்.

"என்ன மேடம் இது? சோளம், அவல். இன்னிக்கு யார் வர்றாங்கன்னு சொன்னேன் இல்ல."

"காலையிலேருந்து தண்ணி இல்ல சார். டேங்கர் வரல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. வெளியே ஏதாவது ஹோட்டல்ல சொல்லி ஏற்பாடு பண்ணியிருப்பேன்."

"பண்ணலாம்னுதான் எடுத்தேன் சார். அப்புறம் உங்க மெயில் ஞாபகம் வந்துச்சு. முன்னேற்பாடு இல்லாம, கையில இருக்கறதை வச்சு செய்யணும்னு நீங்கதானே சொல்லியிருந்தீங்க."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"இம்ப்ரொவைஸ்னு எழுதியிருந்தீங்க சார்."

"ஆமா. இம்ப்ரொவைஸ்னா, மெனுவை நல்லாப் பண்ணணும்னு."

"அது இம்ப்ரூவ் சார். இதுல ஐ, எஸ் ரெண்டு எழுத்து கூட இருக்கு. எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. அதான் வாட்ஸப்ல கேட்டேன். அதேதான்னு சொன்னீங்க."

ஹரிபிரசாத் போனை எடுத்து அந்த வாட்ஸப்பைத் தேடினார். தன்னுடைய கட்டைவிரலைத் தானே பார்த்தார். திட்ட வேண்டுமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.  ரூக்சார் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவள் கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் செய்தாள். இதில் எங்கேயும் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"என்ன விஷயம், ஹரிபிரசாத்?"

பின்னால் சாவித்ரி நின்றிருந்தார். நிறுவனத்தின் அட்மின், எச்.ஆர். இரண்டுக்கும் தலைவர். ஐம்பதை ஒட்டிய வயது, காட்டன் புடவை, கையில் தையல் இலை. இலையில் தயிர் அவல் பாதி காலியாகியிருந்தது. எப்போது வந்தார், எப்போது வரிசையில் நின்றார் என்று இருவருமே பார்க்கவில்லை.

ஹரிபிரசாத் திணறினார். "ஒண்ணுமில்ல மேடம். சின்னக் குழப்பம். ஒரு வார்த்தையை இவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க."

"என்ன வார்த்தை?"

"இம்ப்ரொவைஸ்."

"அதுல என்ன குழப்பம்? மெனுவை இம்ப்ரொவைஸ் பண்ணச் சொல்லி நான்தானே உங்களுக்கு எழுதினேன்."

"அதேதான் மேடம். உங்க மெயில்ல இருந்ததை அப்படியே எடுத்துத்தான் இவங்களுக்கு அனுப்பினேன்."

சாவித்ரி ரூக்சாரைப் பார்த்தார். "நீங்க எப்படிம்மா எடுத்துக்கிட்டீங்க?"

 ரூக்சார் போனில் அகராதியைத் திறந்து நீட்டினாள். சாவித்ரி இலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஒரு தடவை படித்தார். கீழே தள்ளி உதாரணத்தையும் படித்தார். புடவை கட்டி நிழல் செய்த உதாரணம். மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"கடவுளே," என்றார் மெதுவாக. "இருபது வருஷமா எழுதறேன்."

ஹரிபிரசாத் எட்டி அந்தத் திரையைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் ஸ்டாஃபுக்கு எழுதற அப்ரைசல்ல எல்லாம் இதைத்தான் எழுதறேன். யூ ஹேவ் டு இம்ப்ரொவைஸ். எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். போன வருஷம் ஒருத்தர் அதுக்குக் கீழேயே, அதைத்தான் தினமும் செய்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எவ்வளவு திமிர்னு நினைச்சேன். கூப்பிட்டுத் திட்டினேன்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அழுகிறாரோ என்று ரூக்சார் பயந்துவிட்டாள். அழவில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியாமல் தூணில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் நிமிர்ந்து சாப்பிடுகிற மேஜைகளைச் சுற்றிலும் பார்த்தார்.

"உமேஷ் எங்கே?"

ஜன்னலோர மேஜையில் தாடி வைத்த ஒருவர் சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். சாவித்ரி நேராக அவரிடம் போனார். ரூக்சாரும் ஹரிபிரசாத்தும், இன்னதென்று தெரியாமலே, பின்னால் போனார்கள்.

"உமேஷ், போன வருஷ அப்ரைசல்ல நீங்க ஒரு பதில் எழுதியிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

உமேஷ் சோளத்தைக் கீழே வைத்தார். "இருக்கு மேடம். அதுக்குத்தான் அன்னிக்கே சாரி சொல்லிட்டேனே."

"நான் சாரி சொல்ல வந்திருக்கேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

உமேஷ் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் மேடம். கஸ்டமர் திங்கட்கிழமை ஒண்ணு கேப்பாரு, புதன்கிழமை வேற ஒண்ணு கேப்பாரு. பிளான்னு ஒண்ணு இருந்தாத்தானே. தினமும் அதைத்தான் பண்றோம். நீங்க அதைப் பாத்துட்டு, இன்னும் பண்ணுங்கன்னு சொல்றீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். பாராட்டுன்னு நினைச்சு வீட்டுல கூடச் சொன்னேன். நீங்க கூப்பிட்டுத் திட்டினப்பதான் குழம்பிப்போச்சு."

அந்த மேஜையே சிரித்தது. அடுத்த மேஜையில் விஷயம் கேட்டார்கள். அது அங்கிருந்து அதற்கடுத்த மேஜைக்குப் போனது. எனக்கும் அதே வரிதான் என்று நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள். சாவித்ரி கைகளை எண்ணப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார். சமையலறை ஜன்னலில் தசரதனும் சாலமனும் நின்று, ஒன்றும் புரியாவிட்டாலும், எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு சாவித்ரி பிரெட் அல்வாவை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு ரூக்சாருக்கு எதிரில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார்.

"இது உண்மையிலேயே நல்லா இருக்கு. செவ்வாய்க்கிழமை அந்த நூல்கோல் பிரியாணி?"

"அது எங்க தப்பு மேடம்."

"ஒத்துக்கறீங்களே, நல்லது. புதன்கிழமை கத்தரிக்காய் எனக்குக் கிடைக்கவே இல்லை. ஒண்ணு பண்ணுங்க. இதை நிறுத்தாதீங்க. தினமும் ஒரு அயிட்டம் மார்க்கெட்டைப் பாத்து உங்க இஷ்டம். மத்ததெல்லாம் நிரந்தரம். ஆனா அந்தச் சாம்பார் தண்ணியா இருக்கு. ரசமும் சாம்பாரும் நிறத்துல மட்டும்தான் வேற."

"அது இம்ப்ரூவ் மேடம்," என்றாள் ரூக்சார். "அதுக்குத் தனியா ஒரு மெயில் போட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. சாவித்ரி மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஹரிபிரசாத், சிரிக்கலாம் என்று தெரிந்ததும், காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். கான்ட்ராக்டைப் பற்றி அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துக்குப் பேப்பரைக் கொண்டுவாருங்கள் என்று எழுந்து போகும்போதே சாவித்ரி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு டேங்கர் வந்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் தசரதன் இரண்டு கைகளையும் முழங்கை வரை கழுவிக்கொண்டார். கழுவிவிட்டு, சோளமும் அல்வாவும் ஒரு இலையில் வைத்து ஹரிபிரசாத்திடம் நீட்டினார். ஹரிபிரசாத் இன்னும் சாப்பிடவில்லை என்பதை தசரதன் ஒருவர்தான் கவனித்திருந்தார்.

"துன்னு பாரு சார். ஆறிப்போனாலும் நல்லாத்தான் கீது."

ஹரிபிரசாத் நின்றுகொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனை நோண்டினார். பிறகு தயங்கித் தயங்கி ரூக்சாரிடம் வந்தார்.

"மேடம், அந்த மூணு கேன்டீனுக்கும் ஒரு மெயில் அனுப்பணும். நாலு வரிதான். நீங்க ஒரு தடவை பாத்துடறீங்களா?"

ரூக்சார் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். முதல் வரியிலேயே நின்றாள்.

"சார், இந்த ரிவர்ட்னா பதில் போடறதா, பழைய நிலைமைக்குத் திரும்பிப் போறதா?"

"பதில் போடறதுதானே?"

அவள் அகராதியைத் திறந்தாள். ஹரிபிரசாத் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த மூன்று வரிகளுக்கு எப்படியும் அரைமணி நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தசரதன் உள்ளேயிருந்து இரண்டு டீ அனுப்பினார்.